சட்டத் தேதியும் ஊர்த் தேதியும்

(இரவுப் பள்ளிகளில் பாடம் சொல்லித்தரும் தோழர்களுக்காக நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். இன்றைக்குக் கவிதை எதுவும் இல்லை. நான் பேசப்போவது தேதிகளைப் பற்றி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற நம் சேரிப் பிள்ளைகளுக்கு வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது, எப்படிச் சொல்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள்.

காலையில் ஒரு தோழர் நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். "ஆறு வயசுப் புள்ளைக்கு வரலாறு எதுக்குங்க? மொதல்ல எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். வாய்ப்பாடு வரட்டும். மத்ததெல்லாம் எட்டாவது போனப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எழுத்தும் கணக்கும் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாம் சொல்லித் தராவிட்டால் பிள்ளைக்கு வரலாறே தெரியாமல் இருக்கும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிக்கல். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பாடம் நடந்துகொண்டிருக்கிறது. "அந்தத் தெருவுல ஓடாதடா", "அவங்க வீட்டுத் திண்ணையில ஒக்காராத", "தேரு நம்ம பக்கம் வராது". பிள்ளை ஏன் என்று கேட்கும். "அது அப்படித்தான். அந்தக் காலத்திலேர்ந்தே அப்படித்தான்." பிள்ளை கற்கிற முதல் வரலாற்றுப் பாடம் இதுதான். இந்தப் பாடத்தில் வருசம் கிடையாது. செய்தவன் பெயர் கிடையாது. மழை பெய்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி சாதியும் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. பல வீட்டில் இதைச் சொல்லித் தருவது நம்முடைய ஆத்தாளும் அப்பனும்தான். பிள்ளை அடிவாங்கிவிடக் கூடாதே என்கிற பயத்தில் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய.

அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நாலாம் வகுப்பு வந்தால் மூவேந்தர் வந்துவிடுவார்கள். வில், புலி, மீன். கல்லணை, பெரிய கோயில். அங்கேயும் "அந்தக் காலத்தில்" என்றுதான் பாடம் தொடங்குகிறது. எட்டு வயசுப் பிள்ளையின் மனசில் கரிகாலனும் கட்டபொம்மனும் அதன் தாத்தாவும் ஒரே 'அந்தக் கால'த்தில் இருக்கிறார்கள். தாத்தா செத்துப்போய்விட்டார், கரிகாலனும் செத்துப்போய்விட்டான், அவ்வளவுதான் பிள்ளைக்குக் கணக்கு.

அதனால் முதலில் காலத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். இதற்கு ஒரு சணல் கயிறு போதும். பூக்காரம்மா முழம் போட்டு அளக்கிறதைப் பார்க்காத பிள்ளை உண்டா? அதே முழம்தான். ஒரு முழத்துக்குப் பத்து வருசம். எட்டு வயசுப் பிள்ளை முக்கால் முழம் சொச்சம். அம்மா மூணு முழம். பாட்டி ஆறோ ஏழோ. பாட்டி உயிரோடு இருந்தால் அவளையே கூப்பிட்டுக் கயிற்றின் ஆறாவது முழத்தில் நிற்கவையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நூறு வருசம் பத்து முழம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி முடித்தது 1010 என்கிறார்கள், நூறு முழத்தைத் தாண்டிப் போகும். கயிறு பள்ளியை விட்டு வெளியே போய், தெருவைக் கடந்து, அடிபம்பு வரைக்கும் ஓடும். அப்போதுதான் பிள்ளைக்கு 'அந்தக் காலம்' ஒன்றில்லை, பல காலம் இருக்கிறது என்று கால் வழியாகத் தெரியும். அளக்கும்போது ஒரே ஆளின் கையால் அளந்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் விட்டால் ஆளுக்கொரு முழம் ஆகிவிடும், அப்புறம் வரலாறு போய் சண்டைதான் மிஞ்சும்.

கயிறு வந்துவிட்டது. அதில் எதை முடிச்சுப் போடுவது? ராஜாக்களை வேண்டாம் என்கிறேன். பிள்ளை தினமும் தொடுகிற, நடக்கிற, தண்ணி குடிக்கிற விசயங்களை முடிச்சுப் போடுங்கள். குழாய், தெரு, பள்ளிக்கூடம், கோயில், நம் தெருவின் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: எந்த வருசத்திலேர்ந்து?

நான் வங்கியில் எழுத்தர். கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். செக்கில் போட்டிருக்கிற தேதி வேறு, பணம் கணக்கில் ஏறின தேதி வேறு. சில செக்கு திரும்பி வந்துவிடும், வாங்கினவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையாய் நடப்பார். நமக்கு எழுதிக் கொடுத்த சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே கயிற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு முடிச்சுப் போடச் சொல்கிறேன். சட்டத் தேதிக்கு ஒரு வெள்ளைத் துணி. நம் ஊரில் அது நடந்த தேதிக்கு ஒரு நீலத் துணி.

பொதுக் கிணறும் பொதுத் தெருவும் எடுத்துக்கொள்வோம். 1924 ஆகஸ்டில் சென்னை சட்ட மேலவையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுப் பாதை, பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் எதுவானாலும் எந்த வகுப்பாரும் போகலாம், தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. வெள்ளைத் துணியைப் பத்தாவது முழத்தில் கட்டுங்கள். இனி நம் ஊர்த் தேதி. பிள்ளைகளை அனுப்பிப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். "நீ எப்போ ஊர்க் கிணத்துல தண்ணி எடுத்த?" சில பாட்டி சொல்வாள், "கை பம்பு வந்தப்புறம் கெணத்துக்கே யாரும் போகலியே". சிலர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். சில ஊரில் நீலத் துணி கட்ட இடமே இருக்காது. அதைக் கட்டாமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு "இத எங்க டீச்சர் கட்டறது?" என்று கேட்கிற இடத்தில் நம் வேலை பாதி முடிந்தது.

கோயிலும் அப்படியே. சென்னை மாகாண ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் 1947. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30, அதுவும் போலீஸ் காவலோடு, கலெக்டர் கூட வர. அறநிலையத் துறைக் கோயில் அது, யாரோ தனியார் கட்டினது இல்லை. வெள்ளைத் துணிக்கும் நீலத் துணிக்கும் நடுவில் எத்தனை முழம்? ஏழரைக்கும் மேலே. இதைப் பிள்ளைகளே எண்ணட்டும். நாம் ஒரு வார்த்தை பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. கணக்குப் பாடமும் ஆச்சு, காலையில் கேட்ட தோழருக்கும் சமாதானம் ஆச்சு.

தெருப் பெயர். பல ஊரில் நம் குடியிருப்பை 'காலனி' என்பார்கள். எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்? 1920 வாக்கில் அன்றைய அரசாங்கம் லேபர் டிபார்ட்மெண்ட் என்று ஒன்றை ஏற்படுத்தி, தாழ்த்தப்பட்டோருக்கு மனை, கிணறு, பள்ளி என்று சிலவற்றைச் செய்தது. இப்போதும் வயசானவர்கள் சில ஊரில் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்லக் கேட்கலாம். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. வீட்டுமனை கொடுத்த இடம் காலனி ஆனது, காலனி வசவாக ஆனது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வெள்ளைத் துணி தயார். பஸ் கண்டக்டர் வாயில் எப்போது மாறுகிறது என்று பிள்ளைகள் கவனித்துச் சொல்லட்டும்.

இன்னொரு பெயரும் உண்டு. 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. எம்.சி.ராஜா யார்? பள்ளிக்கூட வாத்தியார், பாடப்புத்தகம் எழுதினவர். பிள்ளைகளிடம் சொல்லும்போது தலைவர் என்று சொல்லாதீர்கள், "உங்களை மாதிரிப் பசங்களுக்குப் பாடம் நடத்தின வாத்தியார்" என்றே தொடங்குங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்கு நெருக்கமான இடம் அது. பாதிரிமார் பள்ளிகள் முன்பே இருந்தன. 1894இல் சென்னை ஊரூரில் கர்னல் ஆல்காட் சேரிப் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி திறந்தார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். இவையெல்லாம் முடிச்சுகள். ஆனால் முடிச்சு மட்டும் போட்டால் பிள்ளைக்கு அலுத்துவிடும். உள்ளே ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

ரெட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதினார். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சொல்கிறார். நானூறு பேரில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதியும் ஊரும் குடும்பமும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கிற வரைக்கும் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் உள்ளே போவார். பள்ளி விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்கிற துக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. எண்பது வயசை நெருங்கின காலத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டை நினைத்து எழுதுகிறார். இதைச் சொல்லிப் பாருங்கள். மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்புறம் சொல்லுங்கள், இப்படி ஓடின பையன்தான் 1893இல் 'பறையன்' என்று, ஒளித்து வைத்த அந்தப் பெயரையே தலைப்பாகப் போட்டுப் பத்திரிகை நடத்தினார். அவர்தான் பின்னால் 1924இல் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

அம்பேத்கர் கதை எல்லாருக்கும் தெரியும். சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துப்போய் அதில் உட்கார்ந்தார். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாள் தாகம். இதைச் சொல்கிறபோது தோழர்கள் பலர் குரல் தழுதழுக்கிறார்கள். வேண்டாம். அதோடு இளையபெருமாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். அவர் படித்த பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அவர் அதை உடைத்தார். அந்தப் பையன்தான் வளர்ந்து 1952இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1965இல் தீண்டாமை பற்றி இந்தியா முழுக்க ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார், 1969இல் அறிக்கை கொடுத்தார். தண்ணிக்காகக் காத்திருந்த பிள்ளையும் பானையை உடைத்த பிள்ளையும் ஒரே வகுப்பில் வர வேண்டும். "பானையை உடைச்சா வாத்தியார் அடிக்க மாட்டாரா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், பேசுங்கள். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் பிள்ளைக்குக் குழாயும் குளமும் தானாக இணைந்துவிடும்.

இப்போது பாடப்புத்தகத்துக்கு வருவோம். அதை ஒதுக்கிவைக்க முடியாது. பரீட்சைக்கு அதில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், மார்க்கு வாங்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஆனால் அதே பாடத்தை இரவுப் பள்ளியில் கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம்.

குடவோலை முறை இருக்கிறதல்லவா? சோழர் கால மக்களாட்சி என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய இரண்டு வருசங்களில் வெட்டியது. அதை நடத்திக் காட்டுங்கள். ஒரு குடத்தை வையுங்கள், ஓலைக்குப் பதில் தாள் துண்டு. எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பிறகு கல்வெட்டில் உள்ள தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வரி கட்டுகிற கால் வேலி நிலத்துக்கு மேல் உங்க வீட்டில் இருக்கா? இல்லாதவர்கள் உட்காருங்கள். (வேதம் படித்திருந்தால் அதில் பாதி நிலம் போதும் என்று சலுகை வேறு.) சொந்த மனையில் கட்டின வீடா? வயசு 35க்கு மேல் 70க்குள் இருக்கா? மந்திரமும் பிராமணமும் ஓத வருமா? அங்கே நடந்தது பார்ப்பனர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊரின் சபை, அதனால் மற்றவர்களும் உட்காருங்கள். பெண் பிள்ளைகளும் உட்காருங்கள். வயசு விசயத்தில் மட்டும் அவரவர் அப்பா அம்மாவை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். கடைசியில் நிற்கிறவர் யாருமில்லை. குடம் மட்டும் நடுவில் இருக்கும். புத்தகம் பொய் சொல்லவில்லை, குடவோலை நடந்தது உண்மை. யாருக்கு நடந்தது என்கிற வரியைத்தான் விட்டுவிட்டது. அந்த வரியைப் பிள்ளைகளே உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிவிட்டார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். 1996இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது தலைவர் பதவிகள் தலித் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் ஒரு தலித் தலைவர் உருப்படியாக நாற்காலியில் உட்கார 2006 ஆயிற்று. மேலவளவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி அவரையும் இன்னும் சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். உத்திரமேரூர்க் குடத்திலிருந்து மேலவளவு பஸ் வரைக்கும் கயிற்றில் நூற்றியேழு முழம், அதையும் நடந்தே காட்டலாம்.

அதே கல்வெட்டில் இன்னொரு வேடிக்கை. உத்திரமேரூரில் பன்னிரண்டு சேரிகள் இருந்தன. அவை பார்ப்பன ஊரின் தெருப்பிரிவுகள்! சேரி என்றால் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான். நூறு வருசம் தள்ளிப் பெரிய கோயில் சுவருக்கு வந்தால், ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. பறையருக்குத் தனிச் சுடுகாடும் வருகிறது. சேரி என்று கூப்பிட்டால் முகம் சுண்டிப்போகிற பிள்ளைக்கு, இந்தச் சொல் எல்லாருக்கும் பொதுவாக இருந்து பிறகு நம் தலையில் மட்டும் கட்டப்பட்டது என்று தெரிவது சின்ன விசயம் கிடையாது. சொல்லுக்கும் ஒரு 'எந்த வருசத்திலேர்ந்து' இருக்கிறது. பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தது யார் என்கிற கேள்வியை எல்லா மேடையிலும் கேட்டு முடித்தாயிற்று. சுவரில் எழுதியிருப்பதையும் கொஞ்சம் படிப்போம் என்கிறேன்.

இதிலிருந்து நமக்குள் இருக்கிற ஒரு தகராறுக்கு வர வேண்டியிருக்கிறது. போஸ்டரைப் பார்க்கிறோம். நாங்களும் ஆண்ட பரம்பரை, இந்த மன்னன் எங்கள் ஆள், அந்தப் பேரரசன் எங்கள் குலம் என்று போட்டி போட்டு அடிக்கிறார்கள். சில இரவுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இதையே பாடமாகச் சொல்லித் தருவதாகக் கேள்விப்படுகிறேன். இதன் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாச் சாதிக்காரனும் வாளோடு ஒரு தாத்தாவை வைத்திருக்கும்போது நம் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியோடு ஒரு தாத்தாவா என்கிற வேதனை. ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன். ராஜராஜன் நம் ஆள் என்றால் அந்தச் சுவரில் இருக்கிற தீண்டாச்சேரியும் நம் கணக்குதான். கிரீடத்தை வாங்கினால் கீழே ஒருவனை உட்கார வைக்க வேண்டும். நம் பிள்ளை அருந்ததியர் பிள்ளையைத் தேடும், புதிரை வண்ணார் பிள்ளையைத் தேடும். இது நடக்கவில்லை என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

"அப்படியானால் அயோத்திதாசப் பண்டிதர் நமக்கு ஒரு பூர்வ பௌத்தப் பெருமையைச் சொன்னாரே, அதையும் விட்டுவிடுவதா?" என்று கேட்கலாம். அவர் சொன்ன பூர்வ காலத்தை ஆராய்கிறவர்கள் ஆராயட்டும், பெரியவர்கள் விவாதிக்கட்டும். ஆனால் பண்டிதர் நமக்குக் கிரீடத்தைத் தேடவில்லை, படிப்பைத் தேடினார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு நான் அவரைப் பத்திரிகைக்காரராகக் காட்டுவேன். 1907 ஜூன் 19 புதன்கிழமை, ராயப்பேட்டை, நாலு பக்கம், விலை காலணா, பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருசம் கழித்து 'தமிழன்' என்று ஆனது. அவர் 1914இல் இறக்கிற வரைக்கும் நடத்தினார். பிள்ளைகளைக் கொண்டு நாலு பக்கத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை எழுதச் சொல்லுங்கள், நம் தெருச் செய்தி. அதுதான் அவரைப் பற்றிய பாடம்.

(பேசி முடித்த பிறகு ஒரு தோழர் 'காலணா' என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். ஒரு பைசா என்பதும் அந்தக் காலணா என்பதும் ஒன்றே. திருத்தி வாசிக்க வேண்டியதில்லை.)

அடுத்தது கஷ்டமான விசயம். வெண்மணியை எப்போது சொல்வது? சொல்லவே கூடாது, பிஞ்சு மனசு என்கிறார்கள் சிலர். ஒன்றாம் வகுப்பிலேயே படத்தோடு காட்ட வேண்டும், அப்போதுதான் ரோசம் வரும் என்கிறார்கள் சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. எட்டு வயசுக்குக் கீழே நெருப்பைச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். எப்படியும் டிசம்பர் 25 வந்தால் சுவரொட்டியில் பார்க்கப் போகிறான். அரைகுறையாகத் தெரிவதைவிட நம் வாயால் தெரியட்டும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியம். குடிசை எரிவதில் தொடங்காதீர்கள். கூலியில் தொடங்குங்கள். அறுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டார்கள், செங்கொடியின் கீழ் சங்கம் வைத்தார்கள், கொடியை இறக்கு என்றபோது மறுத்தார்கள். பிறகு 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களுமாக 44 பேர். 1970இல் கீழ்க் கோர்ட்டு தண்டனை கொடுத்தது, 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. முதலில் அவர்கள் கேட்டார்கள் என்பது பிள்ளையின் மனசில் நிற்க வேண்டும். பிணமாக மட்டும் நம்மை நாமே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைக்கக் கூடாது.

"ஏன் சார் விட்டுட்டாங்க?" என்று கேட்பார்கள். அதற்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியைச் சாக்பீஸால் போர்டில் எழுதி அப்படியே விடுங்கள். இன்னொன்று, நடைமுறை விசயம். இந்தப் பாடத்தை இரவுப் பள்ளியில் கடைசி மணியில் வைக்காதீர்கள். இருட்டில் தனியாக வீட்டுக்குப் போகிற பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பகலில், தாய்மார் யாராவது கூட இருக்கும்போது சொல்லுங்கள்.

இதெல்லாம் பிள்ளைகள் மனசில் வெறுப்பை விதைக்காதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நாங்குநேரிக்குக் கூப்பிடுகிறேன். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பையன்களுக்கு வெறுப்பைச் சொல்லிக் கொடுத்தது எந்த இரவுப் பள்ளி? அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது; சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் நான் இன்று சொல்கிற சணல் கயிறு ஊர்த் தெருப் பள்ளிக்கும்தான் போக வேண்டும். பொதுக் கிணறு எந்த வருசம் திறந்தது என்கிற கேள்விக்குப் பாதிப் பதில் அவர்கள் பாட்டியிடம் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களாக இருக்கிற தோழர்கள் இங்கே நாலைந்து பேர் தெரிகிறீர்கள். உங்களால் முடியும். இரவுப் பள்ளியால் முடியாது.

கடைசியாக, பிள்ளைகள் வரலாறு எழுத முடியுமா என்று. மராட்டிய நாட்டில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848இலிருந்து பள்ளிகள் நடத்தினார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் படித்த முக்தாபாய் என்கிற மாங் சாதிச் சிறுமி 1855இல் மாங், மகர் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதய' என்கிற மராத்திப் பத்திரிகையில் அச்சாகியது. பேஷ்வா ஆட்சியில் தன் சனங்களுக்கு என்ன நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதை எழுதினாள். மூணு வருசம் பள்ளிக்கூடம் போன பிள்ளை. நம் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவ்வளவு படிப்பு ஆகிவிட்டது.

எழுதச் சொல்லும்போது ஒன்று கவனியுங்கள். பாட்டிகளுக்கு ஆங்கில வருசம் தெரியாது. அவர்களிடம் வேறு தேதி இருக்கிறது. அவர்களுடைய பாட்டி சொன்ன தாது வருசப் பஞ்சம் என்றால் 1876, 77, 78. சத்துணவு வந்தது 1982. எம்.ஜி.ஆர் செத்தது 1987 டிசம்பர். சுனாமி 2004. நம் பக்கத்தில் தானே புயல் 2011 கடைசி. "தானே புயலுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் பட்டென்று சொல்லிவிடுவாள். ஒரு பாட்டி சொன்னதை மட்டும் எழுதாமல் இரண்டு பேரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் எழுதட்டும், யார் சொன்னது என்றும் எழுதட்டும். ஆதிக்க சாதிக்காரன் பாட்டி சொன்னதை மட்டும் சந்தேகப்பட்டு நம் பாட்டி சொன்னதை அப்படியே ஏற்பது பிள்ளைகளுக்குக் கற்றுத் தரக் கூடாத பழக்கம்.

பிள்ளைகள் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒன்று பள்ளிக்கூட நோட்டு, அதில் பரீட்சைக்கு உள்ளது. மற்றது இரவுப் பள்ளி நோட்டு, அதில் ஊர்த் தேதி.

அட்டைகள் கொஞ்சம் செய்து கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கம் படம்: குழாய், தெரு, கோயில், நாற்காலி, பானை, பள்ளி மணி. பின்பக்கம் சட்டத் தேதி எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஊர்த் தேதிக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கு ஒரு கட்டு. மணிக்கும் பானைக்கும் சட்டத் தேதி எதுவும் எழுதவில்லை, அவை கதைக்காக. சணல் உருண்டை வாசலில் இருக்கிறது, நூற்றிப்பத்து முழம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்ததும் அந்த வேப்பமரத்திலிருந்து பிடித்துப் பார்ப்போம். ரெண்டு பேர் மட்டும் முனையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுப் பக்கம் போங்க, லாரி வருது, பாத்து.